பயத்தங்காய் அளவு

“ஆர் செத்தாலும் என்ரை குரல் நடுங்காது. நாளைக்கு இவர் செத்தாலும், நானே நிண்டு அறிவிச்சுப்போட்டுத்தான் அழுவன்.”

நீர்வேலி உதயகலா இப்படிப் பிரகடனம் செய்தபோது, ‘இவர்’ என்று சுட்டப்பட்ட கணவர் கேதீஸ்வரன் பக்கத்துக் கதிரையில் உயிரோடு இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்முடைய மரணத்துக்கு இவ்வளவு முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டிருப்பதை அவர் ஒரு கௌரவமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முகம் மாறவில்லை. ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

பிரகடனம் நிகழ்ந்த இடம் செபநாயகத்தாரின் ஒலிபெருக்கிக் கடை. முன்பக்கம், கோயில் திருவிழாக்களுக்கு வாடகைக்குப் போகும் குழாய் விளக்குகளும் ஸ்பீக்கர்களும். பின்பக்கம், வெளிச் சத்தம் புகாதபடி சுவரெல்லாம் முட்டை மட்டை ஒட்டிய ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை. அந்த அறைக்குள் இருந்துதான் உதயகலா அந்தப் பகுதியின் இறந்தவர்களை முறைப்படி இறக்கவைத்தாள். அவள் வாசித்துப் பதிவுசெய்த மரண அறிவித்தல் ஓட்டோவின் கூரையில் ஏறி ஒழுங்கை ஒழுங்கையாகப் போனால்தான் ஒருவர் காலமானது செல்லுபடியாகும். அதற்கு முன் நடந்தது வெறுமனே மூச்சு நின்றது மாத்திரம்.

பின்னேரங்களில் அந்தக் குரல் வரும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் காற்றோடு ஓர் இழை வரும். வாழைத்தோட்டங்களுக்கு மேலால் வந்து, இலைகளில் பட்டுக் கிழிந்து, திரும்ப ஒட்டிக்கொள்ளும். “பிறப்பிடமாகவும்” என்று ஒரு துண்டு. காற்று மாறினால் ஒன்றுமில்லை. பிறகு “பாசமிகு மனைவியும்” என்று இன்னொரு துண்டு. கிணற்றில் இறங்கிய வாளி பாதிவழியில் நிற்கும். அடுப்படியில் அகப்பை நிற்கும். ஆர் என்ற ஒரு சொல்லுக்காக ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உயர்ந்த, மெல்லிய, வெள்ளிக் கம்பி போன்ற குரல். அதில் அழுகை இல்லை, அவசரமும் இல்லை. அந்தக் குரலில் கேட்டால், சாவு என்பது நல்ல நாள் பார்த்து, தோய்த்து உலர்ந்த வேட்டி உடுத்துக்கொண்டு எங்கேயோ புறப்படுகிற விஷயம்போலத் தோன்றும். கேட்டுக்கொண்டிருந்த வயோதிபர் சிலருக்கு ஆசையே வந்ததாகக் கேள்வி.

இந்த அறிவித்தலில் காலமானவருக்கு ஒதுக்கப்படும் இடம் சொற்பம். அவர் ஒரே வரியில் காலமாகிவிடுவார். மிகுதி முழுவதும் கனடா, லண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா என்று பரந்து கிடக்கும் மருமக்களுக்கும் மைத்துனர்களுக்கும் உரியது. நீர்வேலியில் தொடங்கிய உறவுமுறை முடிவதற்குள் ஓட்டோ கோப்பாயைத் தாண்டிவிடும். ஒரு சகலனின் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் அடுத்த செத்தவீடு வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்காது. உதயகலா சுமந்த பொறுப்பு எவ்வளவு பாரதூரமானது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

குரல் நடுங்காத வித்தையை அவள் கற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. தொண்ணூற்றைந்தில், யுத்தத்தில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, ஒரு பள்ளிக்கூட வளவில் மேசைமேல் ஏறி நின்று, தொலைந்துபோனவர்களின் பெயர்களைக் கையொலிபெருக்கியில் கூப்பிடும் வேலை அவளுக்கு வாய்த்தது. இருபதுகளின் தொடக்கம். முதல் நாளே ஒன்றைக் கண்டுகொண்டாள்: குரல் நடுங்கினால் பெயர் விளங்காது, பெயர் விளங்காவிட்டால் பிள்ளை வந்துசேராது. அன்றோடு நடுக்கத்தை வெட்டி எறிந்தாள். மழையில் நனைந்த சனத்துக்கு மேலால் அந்தக் குரல் போய்ப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது.

அப்படி வந்துசேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் கேதீஸ்வரன். இருபத்தேழு வயது, மீசையும் இருந்தது. மகனைக் காணவில்லை என்று தாய் போய்ச் சொல்லிவிட்டிருந்தார். தன்னுடைய பெயரும் தகப்பன் பெயரும் போட்டிருந்த சேட்டின் நிறமும் ஆகாயத்திலிருந்து ஒலிக்கக் கேட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு மேசையடிக்கு வந்தவர், பிறகு திரும்பிப் போகவேயில்லை. தான் கட்டினது குரலைத்தான், ஆள் கூடவே வந்தது என்று அவர் கூட்டாளிகளுக்குச் சொல்லித் திரிந்த காலமும் இருந்தது. அவள் அதைக் கேட்டும் கேளாததுபோல இருந்துகொண்டு, நெஞ்சுக்குள் பத்திரப்படுத்தி வைத்தாள்.

ஐம்பதை எட்டுகையில் உதயகலாவின் உடம்புக்குள் ஆட்சி மாறியது. மாதவிடாய், பிரியாவிடை வைபவம் ஏதுமில்லாமல் ஓய்வு பெற்றது. மார்கழிப் பனிக்குள்ளும் கழுத்தடியில் ஓர் அடுப்பு மூளும். பட்டப்பகலில் நித்திரை தூக்கும். போய்ப் படுத்தால் நித்திரை எழும்பிப் போய்விடும். நீர்வேலியைப் பிறப்பிடமாகக் கொண்ட அவள், விழிப்புக்கும் நித்திரைக்கும் நடுவில் கிடக்கிற ஒரு சாம்பல் நிற ஊரை வதிவிடமாகக் கொண்டாள். மின்விசிறி முழு வேகத்தில் சுழலாவிட்டால் அவளுக்கு வேர்த்து ஊற்றும். சுழன்றால் அவருக்குச் சளி பிடிக்கும். ஆகவே கேதீஸ்வரன் தமது தலையணையை எடுத்துக்கொண்டு தற்காலிகமாக விறாந்தைக்குப் போனார். இந்த நாட்டில் தற்காலிகமாகச் செய்யப்பட்ட எல்லா ஏற்பாடுகளையும்போல இதுவும் வருடக்கணக்கில் நிலைத்தது.

உண்மையில் மின்விசிறி ஒரு சாட்டு. அவருடைய கை தற்செயலாகப் பட்டால் அவளுக்குப் பேருந்தில் ஆரோ இடித்ததுபோல இருந்தது. வெறுப்பு அல்ல. ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதுபோல ஒரு நினைவு மட்டும். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்தில் இருந்து வருவார், சாப்பிடுவார், ‘நீர் படும்’, படுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு விறாந்தைக்குப் போவார். அந்த ‘நீர் படும்’ என்பதன் மரியாதைதான் அவளை அரித்தது.

இதை அவள் ஒருத்திக்குத்தான் சொன்னாள்; லண்டனில் இருக்கும் தங்கை நிவேதனாவுக்கு. நிவேதனா உடனே கைகொட்டாத குறையாக, தனக்கும் இதேதான் என்றும், தன்னுடைய டொக்டர் ஒரு ஜெல் தந்திருக்கிறார் என்றும் சொன்னாள். ஆண்களின் ஹோமோன். பெண்களுக்கும் அது கொஞ்சம் இருக்கிறதாம். வயது போகப் போகக் குறைகிறதாம். உடனே ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு குழாய் கொடுத்துவிட்டாள். தன்னை இரத்தம் சோதித்துப் பார்த்துத்தான் டொக்டர் தந்தார் என்ற விவரம், உற்சாகத்தில் விடுபட்டுப் போயிற்று.

அளவு பற்றிய உரையாடல் தொலைபேசியில் நிகழ்ந்தது. இதை முழுமையாகப் பதிவுசெய்தல் அவசியம்.

“எவ்வளவு பூசுறதடி?”

“கொஞ்சந்தான் அக்கா. ஐயோ, அதுக்கென்ன தமிழ்... பச்சையா இருக்கும், கோதுக்குள்ளை இருக்கும். கறி வைக்கிறது.”

“பயத்தங்காயோ?”

“ஓம் ஓம், அதுதான். ஒரு நாளைக்கு ஒண்டு.”

நிவேதனா சொல்ல நினைத்தது, லண்டன் கடைகளில் உறையவைத்து விற்கிற பச்சைப் பட்டாணியின் ஒரு மணி. முப்பது வருடம் லண்டன் குளிரில் கிடந்த தமிழில் அந்தச் சொல் விறைத்துப்போயிருந்தது. உதயகலாவோ கேட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். வாழைத்தோட்டத்து வேலியோரம் கேதீஸ்வரன் போட்ட பந்தலில், பயத்தங்காய்கள் ஒரு முழத்துக்குக் குறையாமல் தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. லண்டன்காரர் எதையும் தாராளமாகத்தான் செய்வார்கள் என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் அவள் நிதானம் தவறாதவள். முற்றின காய் வேண்டாம், பிஞ்சு போதும் என்று தனக்குள் தீர்மானித்தாள். மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரைக்கும், இடது கையில், ஒரு நேர்கோடாக ஜெல்லைப் பிதுக்கித் தேய்த்தாள். நாள்தோறும் ஒரு பிஞ்சு.

இது என்ன என்று கேதீஸ்வரன் கேட்டதற்கு, முழங்கால் நோவுக்கு நிவே அனுப்பினது என்றாள். அவருக்கும் முழங்கால் நோவு இருந்தது. ஆகவே கேட்டுக் கேள்வியில்லாமல் அவரும் எடுத்துப் பூசத் தொடங்கினார்.

முதற் சில கிழமைகளை எழுதுவது கடினம். கனவை விடிந்தபிறகு சொல்லிக்காட்டுவதுபோல. சாம்பல் நிற ஊரிலிருந்து அவள் ஒரு காலை வெளியே வந்தாள். இரவு முழுவதும் நித்திரை கொண்டிருந்தாள். முற்றத்து வெயில் புதிதாகக் கழுவிக் காயப்போட்டதுபோல இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டு, ஒரு காரணமும் இல்லாமல், தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு வாழைகளுக்குள் நடந்தாள். இலைகளுக்குக் கீழே வெளிச்சம் பச்சையாக இருந்தது; தண்ணீருக்குள் நடக்கிறதுபோல அவள் நடந்தாள். வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்ற மனிசனில் வாழைச்சாற்றுக் கயரும் ஈரமண்ணும் மணத்தன. இந்த மணம் எத்தனை காலமாக இங்கே இருந்தது, நான் எங்கே போயிருந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கோப்பையை வாங்கினபோது விரல் பட்டது. பேருந்தில் ஆரும் இடிக்கவில்லை.

சில நாளில், பிரேரணையோ வாக்கெடுப்போ இல்லாமல், தலையணை விறாந்தையிலிருந்து அறைக்குத் திரும்பியது.

கேதீஸ்வரன் இந்த மாற்றத்துக்கான காரணங்களைத் தம்முள் ஆராய்ந்து, காரணம் தாமே என்ற முடிவுக்கு வந்தார். வேறு தடயமும் அவருக்கு இருக்கவில்லை. மீசைக்கு மை பூசினார். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வைத்திருந்த சேட்டைச் சாதாரண நாளில் போட்டுக்கொண்டு சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோனார். அவருடைய நடையில் வந்த மிடுக்கைப் பார்த்துச் சந்தையில் சிலர், வெளிநாட்டில் இருக்கிற மகன் தன்னிடம் கூப்பிட்டு எடுக்கிறானோ என்று விசாரித்தார்கள். அவர் சிரித்துவிட்டு வந்தார். மத்தியானங்களில் சாப்பிட்டு முடிய, அறைச் சன்னலால் வாழையிலை நிழல் உள்ளே வந்து அவர்கள் இரண்டு பேர் மேலும் அசைந்துகொண்டிருக்கும். ஒன்றும் பெரிதாகக் கதைப்பதில்லை. முப்பது வருடம் கதைத்தவர்கள்.

மிகுதியும் வந்தது. அழைக்காமல் வந்த விருந்தாளிகள்போல ஒவ்வொன்றாக வந்தது. கன்னத்தில் பருக்கள் முளைத்தன. பத்தாம் வகுப்பில் ஏமாற்றிவிட்டுப் போனவை இப்போது கடமைக்குத் திரும்பியிருந்தன. நாடியில், மோவாய்க்கட்டையில், சில மயிர்கள். தலைவாரினால் சீப்பில் வருகிற மயிர்களை, நாடிக்கு இடம்மாறிப் போகிறவை என்று அவள் கணித்தாள். இடது முழங்கைக்குக் கீழே மட்டும் கறுத்த மயிர் ஒரு கோடாக வளர்ந்தது, சரியாக ஒரு பயத்தங்காய்ப் பிஞ்சின் நீளத்துக்கு. வைகாசி வெக்கையில் அவள் முழுக்கைச் சட்டை போட்டாள். கோபமும் வந்தது. அறிவித்தலில் தங்களுடைய பெயர் கனடாவுக்கு முன்னால் வர வேண்டும் என்று நின்ற ஒரு சுவிஸ் மருமகனைத் தொலைபேசியிலேயே இப்படி ஏசினாள்: சாகிறது உங்கடை மாமா, வரிசையில் நிக்கிறது நீங்களோ என்று. அந்த மருமகன் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை என்பது வரலாற்றில் முதல் தடவை.

அவள் இவை எல்லாவற்றையும் சகித்தாள். தலையணை அறைக்குள் இருந்தது.

பிறகு ஏரம்பர் காலமானார்.

ஏரம்பர் எண்பது தாண்டியவர். குறைசொல்ல ஒன்றுமில்லாத, ஒழுங்கான சாவு. உதயகலா முட்டை மட்டை அறைக்குள் போய் இருந்து, தண்ணீர் குடித்து, “நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட” என்று தொடங்கினாள். ‘காலமானார்’ என்ற சொல்லில், ‘மா’ என்ற இடத்தில், குரல் உடைந்து கீழே விழுந்தது. நடுக்கம் அல்ல, மீசை அரும்புகிற பொடியனுக்கு உடைகிறதுபோல உடைந்தது. செபநாயகத்தார் மைக்கைக் குற்றம் சாட்டி வயரை மாற்றினார். திரும்பவும் உடைந்தது. மூன்றாம் தரம் உடையவில்லை. ஏனென்றால் குரல் அந்தப் படியில் ஏறவேயில்லை, கீழேயே நின்றுகொண்டது. ஏரம்பர் ஓர் ஆண் குரலில் காலமானார்.

செபநாயகத்தார் சளித் தடிமனோ என்று கேட்டார். ஓம் என்றாள். தடிமன் ஒரு கிழமை நின்றது, இரண்டு கிழமை நின்றது, பிறகு அது தடிமன் அல்ல என்பதை இரண்டு பேரும் கதைக்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. இணுவிலில் இருந்து ஒரு பிள்ளை, தாயின் ஆண்டுத்திவச அறிவித்தலுக்காக.

“அண்ணை, உதயகலா அக்காட்டை ஒருக்காக் குடுங்கோ.”

எடுத்தது உதயகலாதான். கையில் தொலைபேசி, சன்னலுக்கு வெளியே அசையாத வாழையிலை.

“அவ வெளியிலை போயிட்டா,” என்றாள்.

இதன் பின்னர்தான் குழாய் விஷயம் வெளிவந்தது. இரண்டாவது குழாயும் பாதியாகிவிட்டது, இன்னும் ரெண்டு அனுப்பு என்று கேட்டபோது, நிவேதனா அந்தப் பக்கத்தில் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். தனக்கு ஒரு குழாய் மாதக்கணக்கில் வரும் என்றாள். பிறகு வீடியோவில் படத்தைப் போட்டுக் கதைக்கச் சொல்லி, எழும்பிப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து, ஒரு விரல்நுனியில் ஒன்றை ஒட்டவைத்துக்கொண்டு வந்து கமராவுக்கு முன்னால் பிடித்தாள். உறைந்த பச்சைப் பட்டாணி. ஒரே ஒரு மணி. அதன் மேல் பனி உருகி ஒரு துளி தொங்கியது.

“இவ்வளவுதான் அக்கா.”

உதயகலா சட்டைக்கையைச் சுருட்டித் தன் இடது கையைக் கமராவுக்குக் காட்டினாள். சமுத்திரங்களுக்கு இரு பக்கமும் இரண்டு சகோதரிகள் ஒரு மணியையும் ஒரு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நிவேதனா அழுதாள். அக்கா அழவில்லை, சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் சத்தத்தைக் கேட்டுத் தானே பயந்து நிற்பாட்டினாள்.

யாழ்ப்பாண நகரத்தில் டொக்டர் றபீக்கா என்று ஒருவர் இருக்கிறார். புத்தளத்தில் வளர்ந்து, படித்து, பெற்றோரின் ஊருக்குத் திரும்பி வந்தவர். பயத்தங்காயின் கதையை அவர் முகத்தில் ஒரு தசையும் அசையாமல் கேட்டு முடித்தார். வைத்தியத் தொழிலின் கட்டுப்பாடு அத்தகையது. இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்த மருந்து தன்னளவில் கெட்டதில்லை, சரியான அளவில், இடைக்கிடை சோதித்துப் பார்த்துக்கொண்டு பாவித்தால் சில பெண்களுக்கு உதவும், ஆனால் உங்களுடைய இரத்தத்தில் இருப்பது ஓர் ஆம்பிளைக்குப் போதுமான அளவு என்றார். உடனே நிற்பாட்ட வேண்டும். பரு போய்விடும். மயிர் மெதுவாகக் குறையும். தலைமயிரும் பெரும்பாலும் திரும்பி வரும். குரல் நாண் தடித்ததுதான் பிரச்சினை. அது பெரும்பாலும் அப்படியேதான் நிற்கும். இன்னும் பூசினால் இன்னும் இறங்கும்.

எதற்காகத் தொடங்கினீர்கள் என்று டொக்டர் கேட்டார். இதற்குப் பதிலை உதயகலா மிக இரகசியமாக, குனிந்து, காதோடு சொன்னாள். ஆனால் புதிய குரலின் இரகசியம் கதவைத் தாண்டிப் போகிற வகையைச் சேர்ந்தது. வெளியே வாங்கில் இருந்த நோயாளர் அனைவரும் சுவரில் தொங்கிய தடுப்பூசி விளம்பரத்தை மிகுந்த அக்கறையோடு வாசிக்கத் தொடங்கினர்.

“நிற்பாட்டினால் அதுவும் போயிடுமோ, டொக்டர்?”

“குறையும். முழுக்கப் போகுமோ எண்டு நான் சொல்லேலாது. அது மருந்து மட்டுமில்லைத்தானே.”

பாதிக் குழாய் அலுமாரியில் இருந்தது. உடனே நிற்பாட்டச் சொன்னதை உதயகலா உடனே நிற்பாட்டவில்லை. இங்கே அவளைக் குறைசொல்லப் புறப்படுகிறவர்கள், வருடக்கணக்கில் ‘நீர் படும்’ என்று கேட்டுப் படுத்தவர்களாக இருக்க வேண்டும். குரல் போனது போனதுதான். இனி அது இன்னும் கொஞ்சம் இறங்கினால் என்ன என்று அவள் தன்னோடு வாதாடினாள். தலையணை திரும்ப விறாந்தைக்குப் போவதை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவருக்குச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால், மைபூசின அந்த மீசை என்னாகும். ஆகவே ஒரு பட்டாணி அளவென்று எடுத்து, மனம் கேளாமல் இரண்டு பட்டாணி என்று ஆக்கி, பூசிக்கொண்டு திரிந்தாள்.

செபநாயகத்தார் இதற்குள் ஒரு வழி கண்டிருந்தார். அவளுடைய பழைய பதிவுகள் எல்லாம் அவரிடம் கிடந்தன. ‘காலமானார்’, ‘அன்னார்’, ‘பாசமிகு’ ஆகியவற்றை வெட்டி எடுத்து, முன்பு செத்தவர்களின் பெயர்த் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிப் புதிய அறிவித்தல்கள் தயாரித்தார். இதனால் சில பெயர்களின் முதற்பாதி ஒருவருடைய மரணத்திலும் பிற்பாதி இன்னொருவருடைய மரணத்திலும் ஒலித்தன. ஊரவர் கவனிக்கவில்லை. உறவுமுறைதான் அவர்களுக்கு முக்கியம்.

ஆடி மாதத்து ஒரு பின்னேரம், உதயகலா கிணற்றடியில் நிற்கையில், அது வந்தது. முதலில் காற்றோடு ஓர் இழை. பிறகு இலைகளில் பட்டுக் கிழிந்து, திரும்ப ஒட்டிக்கொண்டு. அவளுடைய குரல், அவள் இல்லாமல் உலாப் போய்க்கொண்டிருந்தது. நான் இறந்துவிட்டேன் என்றும், அதை நானே அறிவித்துக்கொண்டு போகிறேன் என்றும் ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அதில் துக்கமும் இருக்கவில்லை, அவ்வளவு அழகாக அறிவித்தாள். பிறகு வாழைகளுக்குள் பார்த்தாள். கேதீஸ்வரன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தலையைச் சரித்து, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஓட்டோ திரும்பிப் போய், குரல் தேய்ந்து, பறவைச் சத்தம் மட்டும் மிஞ்சிய பிறகும் நின்றார். பள்ளிக்கூட வளவில் மேசையடிக்கு வந்தபோது அவர் முகத்தில் இருந்தது இதே சாயல்தான்.

உதயகலா உள்ளே போனாள். பாதிக் குழாயை எடுத்து, மிச்சம் முழுவதையும் கழுவுதொட்டியில் பிதுக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். எந்தக் குரலைக் கட்டினாரோ அந்தக் குரல் ஓட்டோவில் போகிறது. இந்த உடம்பை ஏமாற்றி ஆரை வைத்திருக்கப் பார்க்கிறேன் என்று அவளுக்கு அலுத்துப்போயிற்று.

அதற்குப் பின் வந்த நாட்கள் மெதுவாக வடிந்தன. உடம்புக்குள் இருந்த சந்தைச் சத்தம் ஒவ்வொரு கடையாகப் பூட்டிக்கொண்டு போனது. கழுத்தடி அடுப்பு ஓரிரண்டு தரம் எட்டிப் பார்த்தது. அவள் தன்னைத் தானே வேவு பார்த்தாள். மத்தியானம் அவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கையில், வாழையிலை நிழல் இரண்டு பேர் மேலும் அசைகையில், இந்த இடத்தில் இப்படியே கிடக்க வேண்டும்போல இருந்தது. நெருப்பாக இல்லை, இளஞ்சூடாக. இது ஜெல்லின் மிச்சமா, தன்னுடையதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும், இன்றைக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது. ஜெல் போய் ஒரு மாதம் கழிந்தும் இருந்தது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடிய அவள் அவருக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னாள்.

“இஞ்சருங்கோ, உது முழங்காலுக்கு உள்ள மருந்தில்லை.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“மாசக்கணக்கிலை பூசினனான். முழங்கால் அப்பிடியே கிடக்கு.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டாணியையும் பயத்தங்காயையும் சொன்னாள். டொக்டர் சொன்னதையும் குரல் இனி வராது என்பதையும் சொன்னாள். அவர் வேலியோரத்துப் பந்தலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இடையில் ஒரு தரம், அறியாமல், கை மீசைக்குப் போனது.

“நான் என்னாலை எண்டெல்லோ நினைச்சன்,” என்றார் கடைசியில். சிரிக்கப் பார்த்தார், அது பாதியில் நின்றது.

“அண்டைக்கு ஓட்டோ போகேக்கை நிண்டு கேட்டியள். பாத்தனான்.”

“ஓம்.” அவர் யோசித்தார். “எங்கையோ கேட்ட குரல் மாதிரி இருந்தது. ஆர் எண்டு பிடிபடேல்லை. ஓட்டோ போனாப்பிறகுதான் நீர் எண்டு விளங்கிச்சுது.”

உதயகலா அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் பகிடி விடவில்லை.

அவர் எழும்பினார். விஷயத்தை ஒரு கனவானுக்குரிய முறையில் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அறைக்குள் போய்த் தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

“அப்ப நான் விறாந்தையிலை படுக்கிறன். உமக்கு ஃபானும் வேணும். ஒண்டும் யோசியாதையும்.”

அவர் விறாந்தைப் படியில் கால் வைத்தார். வாழைகளுக்குள் காற்று எழும்பி, அடங்கியது.

“இஞ்சையே படுங்கோ,” என்றாள்.

ஆம்பிளைக் குரல்தான். ஆனால் முதற் சொல்லிலேயே அது நடுங்கத் தொடங்கி, இரண்டாவது சொல் விளங்கவேயில்லை. அவர் திரும்பிப் பார்த்து, என்ன சொன்னீர் என்று கேட்டார். அவள் திரும்பச் சொன்னாள். அதுவும் நடுங்கியது.